கடைசிப் பக்கத்தில் ஓர் எண்

நிழலாள் என்ற மென்பொருள் எங்கள் துறைக்கு வந்த வருடம், அதற்கு நான் மாலை போடாத குறைதான். அதற்கு முந்தைய மூன்று வருடங்களாக எம்.ஏ. இதழியல் இறுதியாண்டு மாணவர்கள் கொண்டுவந்த ப்ராஜெக்டுகளைத் திருத்தித் திருத்தி, யார் பேசினாலும் நம்ப முடியாத நிலைக்கு வந்திருந்தேன். பீடி சுற்றும் அக்காவும் பேசுவார், பஞ்சாயத்துத் தலைவரும் பேசுவார், இரண்டு பேரும் ஒரே மாதிரி தொண்டை அடைக்கப் பேசுவார்கள். ஒருவரையும் யாரும் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள். ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டே கம்ப்யூட்டரிடம் "பீடித் தொழிலாளி பேட்டி, உருக்கமாக" என்று கேட்டு வாங்கிய சரக்கு.

என் பெயர் தேவகிருபை. திருநெல்வேலியில் ஒரு பல்கலைக்கழகத்தில் முப்பத்தொரு வருடம் செய்தி சேகரிப்பு சொல்லிக்கொடுத்தேன். என் வகுப்பில் ஒரு கட்டாய வழக்கம் உண்டு. ப்ராஜெக்டின் கடைசிப் பக்கத்தில், பேட்டி கொடுத்தவர்களின் பெயர், ஊர், போன் எண், எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்று கையால் எழுதி ஒட்ட வேண்டும். காலை பதினோரு மணிக்கு டீ முடிந்ததும் அதில் இரண்டு பேரை நானே கூப்பிடுவேன். "எங்க பிள்ளைங்க உங்களப் பார்க்க வந்தாங்களா? இதைச் சொன்னீங்களா?" என்று கேட்பேன். முதல் வகுப்பிலேயே இதை ஒரு மிரட்டலாகச் சொல்லிவிடுவேன். மாணவர்கள் அந்தப் பக்கத்துக்கு 'மேடத்தோட கல்யாணப் பத்திரிகை' என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், பாவம்.

நிழலாளைக் கொண்டுவந்தவர் துறைத் தலைவர் காஜா முகைதீன். என் பழைய மாணவன்தான்.

"இனிமே நீங்க ஃபோன் போட்டு லோல்பட வேண்டாம் மேடம். ஒரு ஆள் இதுவரைக்கும் டிவியில பேசினது, கோர்ட்டுல சொன்னது, ஃபோன்ல எழுதினது எல்லாத்தையும் இது வாங்கிக்கும். அதுலேருந்து அந்த ஆளோட நிழல் ஒண்ணு உள்ள உருவாயிரும். பசங்க கொண்டுவர்ற பேட்டிய அதுகிட்ட காட்டினா, இத நான் சொல்லியிருப்பேனான்னு பார்த்து நூத்துக்கு இத்தனைன்னு சொல்லிரும்."

"அவ்வளவும் எடுக்கறதுக்கு அந்த ஆள்கிட்ட யாரு கேட்டா?"

"நீங்களும் நானும் படிக்காமலே 'சம்மதம்'னு அமுக்கினோமே மேடம், அதுல இதுவும் இருந்துது."

நாற்பதுக்குக் கீழே வந்தால் ஒழுங்குக் குழு விசாரிக்கும் என்று விதி வைத்தார்கள். முதல் வருடமே பத்தொன்பது ப்ராஜெக்டில் பதினான்கு மாட்டியது. பதினான்கு பேரும் ஒப்புக்கொண்டார்கள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மறு வருடம் இரண்டு பேருக்குப் பதில் ஒருவரைக் கூப்பிட்டேன். அதற்கடுத்த வருடம் சந்தேகம் வந்தால் மட்டும். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்புவதையே விட்டுவிட்டேன். ஆனால் முதல் வகுப்பு மிரட்டலை மட்டும் விடவில்லை. மாணவர்களும் அந்தப் பக்கத்தை ஒட்டுவதை விடவில்லை.

அந்த மிரட்டலை முழுசாக நம்பியவள் செண்பகவல்லி. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பென்சிலால் எழுதுவாள், அதிகம் பேச மாட்டாள். அவள் எடுத்த தலைப்பு ஆலடிப்பாலம் பஸ் விபத்து. அதற்குப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு தனியார் பஸ் விடியற்காலையில் பாலத்துச் சுவரை உடைத்துக்கொண்டு கீழே போய் ஒன்பது பேர் இறந்தார்கள். டிரைவர் ஆவுடையப்பன் கால் முறிந்து பிழைத்தார். பிரேக் பிடிக்கவில்லை என்று போலீஸிடம் சொன்னார், கோர்ட்டில் சொன்னார், வருடா வருடம் வந்து கேட்ட டிவிக்காரர்களிடமும் சொன்னார். முந்தின நாள் பிரேக்கைப் பூட்டிய மெக்கானிக் பலவேசத்துக்கு இரண்டு வருடம் ஜெயில். வெளியே வந்த பிறகு எந்த ஒர்க்‌ஷாப்பும் அவரைச் சேர்க்கவில்லை.

செண்பகவல்லியின் ப்ராஜெக்டில் நாற்பதாம் பக்கத்தில் ஆவுடையப்பன் இப்படிச் சொல்லியிருந்தார்:

"பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சு தாயி. பலவேசம் சரியாத்தான் பூட்டியிருந்தான். நான் கண்ண மூடிட்டேன். மூத்தவளுக்கு காய்ச்சல், மூணு ராத்திரி ஆஸ்பத்திரில முழிச்சிட்டு வண்டி எடுத்தேன். வழியில டீக்கு நிறுத்தச் சொல்லி கண்டக்டர் கேட்டான். லேட்டாயிரும்னு நிறுத்தல. நிறுத்தியிருந்தா முழிச்சிருப்பேன்."

துறையின் ஆண்டு இதழில் தேர்வான ப்ராஜெக்டுகளை வெளியிடுவோம். மதுரை, சென்னைப் பத்திரிகைகள் அதை எடுத்துப் போடும். இது வந்தால் பலவேசம் வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லி மனுப் போடலாம். அது எனக்கும் தெரியும். படித்தபோது உடம்பு சிலிர்த்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு நிழலாளில் போட்டேன். நூற்றுக்கு நான்கு.

ஒழுங்குக் குழுவில் நானும் காஜாவும் இன்னொரு பேராசிரியரும். செண்பகவல்லி நோட்டும் கையுமாக வந்து நின்றாள்.

"ரெக்கார்டிங் எங்கம்மா?" என்று காஜா கேட்டார்.

"அத அணைச்சிட்டுக் கேளு, சொல்லுதேன்னாங்க சார். அணைச்சிட்டேன். கையாலதான் எழுதுனேன்."

நான் அவளுடைய சேர்க்கைப் படிவத்தைக் கையில் வைத்திருந்தேன். கெட்டிக்காரி என்று எனக்கே என்மேல் ஒரு நினைப்பு இருந்தது.

"உங்க அப்பா பேரு என்னம்மா?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "பலவேசம். அதே பலவேசம்தான் மேடம்."

"இத ஏன் முதல்லயே சொல்லல?"

"சொல்லியிருந்தா இந்தத் தலைப்பக் குடுத்திருப்பீங்களா?"

கொடுத்திருக்க மாட்டேன். அவள் மறைத்தது தவறுதான், இன்றும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அன்று அந்தத் தவறைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதன்மேல் ஏற்றிவிட்டேன். அப்பாவைக் காப்பாற்ற மகள் ஜோடித்த பேட்டி என்று என் மனதில் முடிவாகிவிட்டது.

"மேடம், மொதல்ல என்கிட்டயும் பிரேக்குன்னுதான் சொன்னாங்க," என்றாள் செண்பகவல்லி. "எந்திரிச்சு வாசல் வரைக்கும் வந்துட்டேன். அப்பறம் திரும்பிப் போயி, நான் பலவேசத்தோட மகள்னு சொன்னேன். அதுக்கப்பறம்தான் அழுதாங்க. இந்த நிழல்கிட்ட யாரு கேட்டது மேடம்? மெஷின்தான கேட்டுச்சு? மெஷின் கேட்டா அவங்க ஏன் சொல்லப்போறாங்க?"

கேட்பது யார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். இது நான் இரண்டாவது வாரத்தில் நடத்துகிற பாடம். என் பாடத்தை எனக்கே திருப்பிச் சொன்னதில் எனக்கு ஆத்திரம் வந்தது.

"கடைசிப் பக்கத்துல நம்பர் இருக்கு மேடம். ஒரு தடவை ஃபோன் பண்ணுங்க."

காஜா குறுக்கிட்டார். "இந்தக் காலத்துல ஃபோன்ல எந்தக் குரல்ல வேணும்னாலும் பேச வைக்கலாம்மா. அது சாட்சியாகாது."

நான் காஜா சொன்னதற்குத் தலையாட்டினேன். ப்ராஜெக்ட் நிராகரிக்கப்பட்டது. ஜோடனை என்று கோப்பில் எழுதினோம், பட்டம் கிடைக்காது என்று முடிவானது. ஒரு பிரதி என் அலமாரியில் தங்கியது. செண்பகவல்லி வெளியே போகும்போது ஏதாவது திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "வர்றேன் மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

அது பிப்ரவரி. மே மாதம் விபத்து நாளுக்கு வழக்கம்போல டிவியில் ஆவுடையப்பனைக் காட்டினார்கள். "பிரேக் பிடிக்கல. அதான் நடந்துச்சு" என்றார். நான் அதைக் காஜாவுக்கு அனுப்பி, "பார்த்தியா?" என்று எழுதினேன். அன்று மதியம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஆறு வருடம் போனது. ஓய்வுபெறும் வாரத்தில் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். நீலத் துணி அட்டையில் அந்த ப்ராஜெக்ட் கைக்கு வந்தது. அதே வாரம்தான் நிழலாளின் புதுப் பதிப்பு வந்திருந்தது. கேட்பவர் யார் என்று எழுதுவதற்கு அதில் ஒரு கட்டம் வைத்திருந்தார்கள். 'இந்த நிழல்கிட்ட யாரு கேட்டது' என்று செண்பகவல்லி கேட்டது நினைவுக்கு வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு ஆவுடையப்பன் பெயரைப் போட்டேன். கேட்பவர்: மெக்கானிக் பலவேசத்தின் மகள். நேரில், தனியாக. நாற்பதாம் பக்கத்தைக் கொடுத்தேன்.

ஒன்பது.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. என் மாணவி பொய் சொன்னவள் என்பதில் எனக்கு அப்படி ஓர் ஆறுதல் வந்ததே, அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அட்டையை மூடப் போனபோது என் சிவப்பு மை கண்ணில் பட்டது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அவள் எழுதியிருந்தாள்: 'அம்மா எல்லோருக்கும் டீ கொண்டுவந்தார்கள். ஐயா மட்டும் குடிக்கவில்லை.' ஓரத்தில் நான் 'தேவையற்ற வருணனை' என்று எழுதி, இரண்டு கோடு வேறு போட்டிருந்தேன். பேட்டியை ஜோடிக்கிறவள் இந்த வரியை எதற்கு எழுதப்போகிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முதல் முறையாக அதன் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். ஒரே ஒரு எண்ணுக்கு எதிரில் அழுத்தி எழுதியிருந்தாள்: 'காலை 11 மணி.' சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றைத் தாண்டியிருந்தது. கூப்பிட்டேன்.

வயதான பெண் குரல் எடுத்தது. "யாரு?"

"ஆவுடையப்பன் ஐயா இருக்காங்களா அம்மா?"

"அவுக போயி நாலு வருசமாச்சே. நான் அவுக வீட்டுக்காரி கோமதி பேசுதேன். நீங்க யாரு?"

"நான் பல்கலைக்கழகத்துலேருந்து... செண்பகவல்லியோட டீச்சர்."

பின்னால் கோழி கொக்கரிக்கும் சத்தம் கேட்டது.

"பதினோரு மணி மேடமா?"

"ஆமாம்மா," என்றேன்.

"அந்தப் புள்ள சொல்லிட்டுப் போச்சும்மா. எங்க மேடம் ஒரு நாளு பதினோரு மணிக்கு ஃபோன் பண்ணுவாவ, அவுகட்டயும் இத ஒரு தடவ சொல்லிருங்க, அப்பத்தான் செல்லும்னு. எங்க வீட்ல அவுக தெனமும் குளிச்சு, சட்டையப் போட்டுக்கிட்டு, ஃபோன மடியில வச்சிக்கிட்டு ஒக்காந்திருவாவ. ஃபோன்ல பேச எதுக்குய்யா சட்டைன்னு கேட்டா, பெரிய விசயம் சொல்லணும்லாம்பாவ."

"எத்தனை நாள் அம்மா?"

"தை கடைசில ஆரம்பிச்சது, சித்திரை முடியுத வரைக்கும் இருந்தாவ."

"அவங்களே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமேம்மா?" கேட்ட பிறகுதான் யாரைக் குற்றம் சொல்கிறேன் என்று புரிந்தது.

"நானும் அதத்தான் கேட்டேன். கேட்டா சொல்லிருவேன் கோமதி, நானா எப்படிக் கூப்பிட்டுச் சொல்லன்னாவ. அவ்வளவுதான் அவுக தைரியம். அப்பறம் யாரும் கூப்பிடலன்னதும், அந்தப் புள்ள வீட்லயே வேண்டாம்னு விட்டுட்டாவ போலன்னு நெனச்சாவ. டிவிக்காரன் வந்தான். பழையபடி பிரேக்குன்னு சொல்லிட்டு, உள்ள வந்து படுத்தவுக ரெண்டு நாளு சோறு திங்கல."

நான் காஜாவுக்கு அனுப்பியது அந்தப் பேட்டியைத்தான். நிழலாளுக்குள்ளும் அது போயிருந்தது. அதற்குப் பிறகு அந்த நிழல் இன்னும் உறுதியாகத்தானே பிரேக் என்று சொல்லும்.

"அம்மா, ஐயா டீ குடிப்பாங்களா?" என்று கேட்டேன். நானாக எதையும் எடுத்துக்கொடுக்கக் கூடாது என்ற பழைய பழக்கம் அந்த நேரத்திலும் போகவில்லை.

"அந்த விபத்துலருந்து தொடல. டீக்கு நிறுத்தாமப் போனேனேன்னு சொல்லிச் சொல்லி அழுவாவ. இத நான் சொன்னா செல்லுமா மேடம்? எழுதிக்கிடுதீங்களா?"

எழுதிக்கொண்டேன். பெயர், வயது, தேதி, நேரம் எல்லாம் எழுதினேன்.

அதே பக்கத்தின் அடியில் செண்பகவல்லியின் எண் இருந்தது. சங்கரன்கோவிலில் ஒரு கூரியர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். பெயரைச் சொன்னதும் "சொல்லுங்க மேடம்" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைச் சொன்னபோது, "அப்படியா," என்று மெதுவாகக் கேட்டாள். டிவியில் பழையபடி பிரேக் என்று சொன்னதைப் பார்த்து, ஆவுடையப்பன் தன்னை ஏமாற்றிவிட்டார் என்றுதான் இந்த ஆறு வருடமும் அவள் நினைத்திருக்கிறாள்.

"என்னை மன்னிச்சிரும்மா."

"அது இருக்கட்டும் மேடம். எங்கப்பாவுக்கு எழுத்துல வேணும். ஆறு வருசமா எங்க சொந்தக்காரங்களே, அப்பனுக்காக மக பொய் எழுதுனான்னு பேசுதாங்க. காலேஜே அப்படி எழுதிக் குடுத்திருக்குல்லா. அந்தக் காயிதத்த மாத்திக் குடுங்க. மத்தத நாங்க கோர்ட்டுல பாத்துக்கிடுதோம். அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து ரெண்டு தடவ ஆஸ்பத்திரில இருந்துட்டாங்க. சீக்கிரம் குடுங்க."

அன்று மாலையே ஒழுங்குக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். ஏழு பக்கம். நான் போன் செய்யவில்லை, கடைசிப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை, என் சோம்பலையும் கர்வத்தையும் ஒரு மாணவியின் தலையில் ஏற்றினேன் என்று ஒளிக்காமல் எழுதினேன். கோமதியம்மாள் சொன்னதையும் சேர்த்தேன். அந்த வாரத்தோடு ஓய்வும் பெற்றேன்.

மூன்று வாரம் பதில் இல்லை. நேரில் போனேன். காஜா எழுந்து நின்று நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். எனக்குக் குடிக்கப் பிடிக்கவில்லை.

"ஒரு சிக்கல் மேடம்," என்றார். "விதிப்படி எந்த வாக்குமூலத்தையும் நிழலாள்ல போட்டுத்தான் ஏத்துக்கணும். உங்க கடிதத்தையும் போட்டோம். முப்பத்தொரு வருஷ க்ளாஸ், மீட்டிங்கு எல்லாம் பதிவுல இருக்கு. அதுல எங்கயுமே நீங்க 'என்மேல தப்பு'ன்னு சொன்னதில்லயாம். மூணுதான் வந்துது."

"மூணா?"

"நூத்துக்கு மூணு. அந்தப் பொண்ணு வீட்டுலேருந்து உங்கள மிரட்டி எழுத வாங்கியிருக்கலாம்னு கமிட்டில பேசிக்கறாங்க."

"நான் உன் முன்னாடிதான உட்கார்ந்திருக்கேன் காஜா? உனக்குப் பாடம் எடுத்தவ. நான் எழுதினேன்னு நான் சொல்றேன்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியும் மேடம். ஆனா ஃபைல்ல மூணுன்னு இருக்கும்போது நான் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்? இப்ப கமிட்டில வெளி உறுப்பினர் ஒருத்தர் இருக்காரு. அவருக்கு அதிகாரம் உண்டு. அவரே உங்களக் கூப்பிட்டு விசாரிச்சு எழுதினா எடுத்துக்கலாம். உங்களுக்கு எந்த நேரம் சௌகரியம்னு கேட்டாரு. எனக்குத்தான் உங்க பழக்கம் தெரியுமே, பதினோரு மணின்னு சொல்லியிருக்கேன்."

"எந்த நாள்?"

"அது சொல்லல மேடம். கூப்பிடுவாரு."

இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. தினமும் காலையில் குளித்து, பெட்டியிலிருந்து நல்ல புடவை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு, பத்தே முக்காலுக்கெல்லாம் போனை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். வீட்டில் இருந்து ஃபோன் பேச எதற்கம்மா பட்டுக்கரைப் புடவை என்று என் மகள் கேட்கிறாள். நேற்று செண்பகவல்லி கூப்பிட்டாள். அப்பாவை மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். காகிதம் வந்துவிட்டதா என்று கேட்டாள். வந்துவிடும் என்று சொன்னேன்.

இன்றைக்கும் மணி பதினொன்றரை ஆகிவிட்டது.